சூளையைப் பிடித்த பிறகு மண்ணைத் தேடுங்கள்

கோலாலம்பூரில் குடியேறும் மண்பாண்டக் கலைஞர்கள் வந்த சூட்டோடு கேட்பது, "இங்கே நல்ல களிமண் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "நான் வனைவதை எந்தச் சூளையில், எத்தனை டிகிரியில் சுடப்போகிறேன்?" இதற்கு விடை கிடைத்தால் மண், பூச்சு, வாடகை, விலை எல்லாவற்றிலும் பாதி முடிவு தானாக வந்துவிடும். விடை கிடைக்காமல் மூட்டை மூட்டையாக மண் வாங்கி அடுக்கினால் அது பால்கனியில் காய்ந்து கல்லாகும்.

ஊரில் எங்கே தொழில் கற்றீர்கள் என்பது இங்கே முக்கியம். மானாமதுரைப் பக்கம் கற்றவர் கைக்குப் பழகியது ஆயிரம் டிகிரிக்குள் வெந்துவிடும் மண். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டங்கள் அந்த வகைதான். புதுச்சேரியில், 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியில் கற்றவர் ஸ்டோன்வேர் ஆள்; 1,250 டிகிரிக்கு மேலே போய்ப் பழகியவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் மின்சூளையில் ஸ்டோன்வேர் சுடுகின்றன. கோன் 6 என்றால் ஏறத்தாழ 1,220 டிகிரி செல்சியஸ்; கோன் 10 என்றால் 1,280 முதல் 1,300 வரை. அந்தச் சூளையில் ஊர்ச் செம்மண் பானையை வைத்தால் உப்பும், வளையும், கடைசியில் உருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்தவர் பாத்திரமும் கெடும். தட்டுக்கு நீங்கள் பணம் கட்டுவதோடு, அந்த ஸ்டூடியோவின் கதவும் உங்களுக்கு மூடிவிடும்.

ஆகவே முதல் வாரத்தில் செய்ய வேண்டியது சூளைக்காரர்களைப் பார்ப்பது. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வார இறுதி வகுப்பு நடத்தும் ஸ்டூடியோக்கள் நிறைய உண்டு. வெளியாட்களின் பண்டங்களைக் கட்டணத்துக்குச் சுட்டுத் தருபவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேளுங்கள்: பிஸ்க் எத்தனை டிகிரி, கிளேஸ் எத்தனை டிகிரி? கட்டணம் எடைக்கா, கன அளவுக்கா, முழுச் சூளைக்கா? வெளி மண்ணை ஏற்பார்களா, தங்களிடம் வாங்கிய மண்ணை மட்டும்தானா? கடைசிக் கேள்விக்கு "எங்கள் மண் மட்டும்" என்று பதில் வந்தால் கோபப்பட வேண்டாம். யாரென்றே தெரியாதவரின் மண்ணை நம்பித் தன் சூளையை யாரும் பணயம் வைக்கமாட்டார். ஆரம்பத்தில் அவர்களிடமே மண் வாங்குவதுதான் லாபம். அந்த மண்ணோடு ஒத்துப்போகும் பூச்சு எது என்ற பல வருட அனுபவமும் அந்த விலைக்குள் சேர்ந்தே வருகிறது.

மண் வாங்கும் இடம்

பக்கத்து எழுதுபொருள் கடையில் "தானா லியாட்" என்று கேட்டால் பிள்ளைகள் விளையாடும் மண்ணையோ, காற்றில் காயும் மாவு மண்ணையோ எடுத்து நீட்டுவார்கள். கடைக்காரர் மீது தவறில்லை. மலாயில் களிமண் எல்லாமே அதுதான். "செராமிக்", "ஸ்டோன்வேர்", சுடும் டிகிரி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மண், பூச்சு, சக்கரம் விற்கும் செராமிக் சப்ளை நிறுவனங்கள் சிலாங்கூரில் உள்ளன. ஷாப்பியிலும் லசாடாவிலும் பை பையாக விற்பவர்கள் உண்டு. எங்கே வாங்கினாலும் சுடும் வெப்பம், சுருக்க விகிதம், நீர் உறிஞ்சும் அளவு ஆகியவை எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் தர முடியாதவரிடம் ஒரு பைக்கு மேல் வாங்காதீர்கள்.

இறக்குமதி மண்ணின் மீது பலருக்கும் மோகம். மலேசியாவிலேயே பேராக் மாநிலத்தின் தாப்பா, பீடோர் பகுதிகளில் கயோலின் வெட்டி எடுக்கிறார்கள். ஈப்போ சுண்ணாம்பு மலைகளிலிருந்து கால்சியம் கார்பனேட் வருகிறது. பூச்சுக் கலவையில் பாதி இந்த நாட்டுச் சரக்கிலேயே முடியும். விலையும் குறைவு, அடுத்த மாதமும் அதே பொருள் கிடைக்கும். தொழிலாகச் செய்பவருக்கு இந்த இரண்டாவதுதான் பெரிது. நூறு கோப்பைக்கு ஆர்டர் எடுத்து ஐம்பதாவது கோப்பையில் மண் தீர்ந்து, அடுத்த கப்பலுக்கு ஆறு வாரம் காத்திருப்பதைவிடத் தரத்தில் ஒரு படி குறைந்த உள்ளூர் மண்ணே மேல் என்பேன்.

ஊரிலிருந்து மண் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கண்மாய் மண்ணைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். பச்சை மண்ணில் பூச்சியும் கிருமியும் வரும் என்பதால் 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்கீழ் அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும்; இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பறிமுதல். சுத்திகரித்த தொழில் மண் வேறு கணக்கு. சுங்கத்தில் கயோலின் 2507, மற்றக் களிமண் 2508, கிளேஸும் ஃபிரிட்டும் 3207 என்ற தலைப்புகளில் வரும். பார்சல் தாளில் வெறும் "மண்" என்று எழுதாமல் சரக்கின் பெயரையும் இந்த எண்ணையும் எழுதச் சொன்னால் பாதித் தலைவலி குறையும்.

காலடி மண்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்கு அந்தப் பெயரே சூளைகளால் வந்தது. 1881இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்தன. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று கட்டாயப்படுத்தினார். அந்தச் செங்கல்லை அறுத்த இடம் இது. இன்று துன் சம்பந்தன் சாலையில் தோசைக்கல் சுடுகிற இடத்துக்குக் கீழே ஒரு காலத்தில் செங்கல்லுக்கு மண் வெட்டினார்கள். அப்படியானால் இந்த ஊர் மண் வனையவும் உதவுமா?

உதவும், ஆனால் எங்கே தோண்டியது என்று பார்க்க வேண்டும். கோலாலம்பூரைச் சுற்றிக் கருங்கல் மக்கி உண்டான கயோலின் மண்ணும், பழைய ஈயச் சுரங்கங்கள் கழித்துவிட்ட சேற்று மண்ணும் உண்டு. அந்தச் சேறு தண்ணீரில் கழுவி வடிந்ததால் மிக நைசானது. சிலவற்றைச் சலித்தால் நேராகச் சக்கரத்தில் ஏற்றலாம். கிள்ளான் பக்கம் போனால் கதை மாறும். அங்கே அடியில் இருப்பது கடல் படிவித்த சாம்பல் நிறக் களி. தொட்டால் வெண்ணெய்போல வழுக்கும், ஆசை காட்டும். ஆனால் உப்பும் கந்தகமும் அதில் உண்டு. காய்ந்தால் அதிகமாகச் சுருங்கி வெடிக்கும். சுட்டபின் மேலே வெள்ளைப் பூப்பூக்கும். சூளையில் கந்தக நெடி கிளம்பும். அகல்விளக்குக்குச் சரி. சாப்பாட்டுத் தட்டுக்கு வேண்டாம்.

சோதனை வீட்டிலேயே செய்யலாம். கை மண்ணை விரல் தடிமனில் உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். விரிசல் விடாவிட்டால் பிசுபிசுப்பு போதும். சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, சுட்டபின் ஈரம் பட்டால் தெறிக்கும். சரியாகப் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு கிழித்த பட்டை ஒன்றைச் செய்து காயவைத்துச் சுட்டு அளந்தால் சுருக்கம் எத்தனை சதவீதம் என்று தெரியும். முதல் சூட்டில் பட்டையை ஒரு பழைய தட்டின்மேல் வைத்துச் சுடச் சொல்லுங்கள். உருகினாலும் நட்டம் அந்தத் தட்டோடு போகும்.

தோண்டுவதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். மலேசியாவில் நிலத்திலிருந்து மண், மணல், கல் எடுத்து வெளியே கொண்டுபோக நில அலுவலகத்தின் பெர்மிட் வேண்டும். சொந்த நிலமானாலும் அதுதான் விதி. கட்டுமானத் தளத்தில் ஒரு வாளி மண் கேட்டு வாங்கிச் சோதிப்பதை யாரும் பெரிதாக்கமாட்டார்கள். லாரி வைத்து ஏற்றினால் கதை வேறு.

நம்மவர் பட்டறைகள்

சிலாங்கூரில் தமிழர்களுக்குத் தேவைப்படும் பானை கொஞ்சநஞ்சமல்ல: பொங்கல் பானை, தீபாவளி அகல், கரகக் குடம், முளைப்பாரிச் சட்டி, காடு வரை போகும் கொள்ளிக் குடம். இவற்றில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. ஒரு பகுதியை உள்ளூரிலேயே, குறிப்பாகக் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தலைமுறையாக வனையும் இந்தியக் குடும்பங்கள் செய்கின்றன. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பொங்கலுக்கு முந்தைய வாரம் அடுக்கிவைக்கும் பானைகளைப் பார்த்தால் சந்தையின் அளவு புரியும். கடைக்காரரிடம், "இது உள்ளூர்ப் பானையாண்ணே, ஊர்ப் பானையா?" என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்.

இந்தப் பட்டறைகள்தான் குறைந்த வெப்பத்தில் வேகும் மண்ணுக்கு உங்களுக்குச் சரியான வாசல். போவதற்கும் நேரம் உண்டு. பொங்கலுக்கு முந்தைய மாதமும் தீபாவளிக்கு முந்தைய மாதமும் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பொங்கல் முடிந்து, சித்திரை வரும்முன் போங்கள். "ஐயா, நானும் இதே தொழில்" என்று ஆரம்பித்து, பிசைந்த மண் விலைக்குத் தருவீர்களா, உங்கள் சூளையில் என் நாலு பண்டத்துக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டால் பேச்சு ஓடும். அவர்களுடைய மாதிரிகளைப் படம் பிடித்துப்போய் நகரத்தில் இரட்டை விலைக்கு விற்கக் கிளம்பினால் பேச்சு அதோடு நிற்கும். தலைமுறைக் கைவேலையைப் பாதி விலைக்குப் பேரம் பேசுவதும் அப்படித்தான்.

மலாய்க்காரர்களின் மண்பாண்ட மரபும் பார்க்க வேண்டியது. பேராக்கின் கோலகங்சாருக்கு எதிர்க்கரையில் உள்ள சாயோங் கிராமத்தில் சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் குடுவை செய்கிறார்கள்; லாபு சாயோங் என்று பெயர். சூளையிலிருந்து சூடாக எடுத்து உமியில் புதைப்பதால் அது கறுப்பாகிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலில் கோலகங்சாருக்கு ஒரே நாளில் போய்வரலாம். உமி வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. செகிஞ்சான் வயல்வெளி சிலாங்கூரிலேயே இருக்கிறது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பூச்சுக்கு நல்ல சரக்கு. சாத்தே கடைக்காரரிடம் கேட்டால் கரிச்சாம்பலும் கிடைக்கும். மூன்று நான்கு முறை தண்ணீரில் கழுவி, கையுறை போட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள்; சாம்பல் தண்ணீர் தோலை அரிக்கும்.

கருவிகளுக்குப் பணத்தை இறைக்காதீர்கள். அறுக்கும் கம்பிக்குத் தூண்டில் நரம்பு, வழிக்கும் தகட்டுக்குத் தேங்காய்ச் சிரட்டை, செதுக்க ஹேக்ஸா பிளேடு, சுழல் தட்டுக்கு பேக்கரிச் சாமான் கடையில் கேக் அலங்கரிக்கும் மேடை. கிள்ளானிலேயே எல்லாவற்றையும் ஒரு மதியத்தில் வாங்கிவிடலாம். கூரைக்குப் பூசும் பிளாஸ்டர் எந்த ஹார்ட்வேர் கடையிலும் மூட்டையாகக் கிடைக்கும், ஆனால் அச்சு வார்க்க அது சரிவராது. அச்சுக்கென்று விற்கும் பிளாஸ்டரையே வாங்குங்கள். சக்கரம் மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

ஈரமும் மின்சாரமும்

மலேசியாவின் காற்றில் ஈரம் எப்போதும் எண்பது சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மதுரை வெயிலில் ஒரு நாளில் காயும் கோப்பை இங்கே மூன்று நான்கு நாள் எடுக்கும். தடித்த அடிப்பாகம் வெளியே காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். சூளையில் நூறு டிகிரியைத் தாண்டும்போது வெடிக்கும். பண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை. பிஸ்க்கின் தொடக்கத்தில் எண்பது, தொண்ணூறு டிகிரியில் சில மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஸ்டூடியோக்காரர் முணுமுணுத்தாலும் கேளுங்கள்.

சொந்தச் சூளை வாங்க ஆசை வரும். மின்னழுத்தம் இந்தியாவைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் ஊரிலிருந்து வரும் சக்கரம் பிளக்கை மாற்றினால் ஓடும். அமெரிக்கச் சாமான் வாங்கினால் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் இடிக்கும். இங்குள்ள மூன்று முள் பிளக் 13 ஆம்பியர் தாங்கும், அதாவது ஏறக்குறைய 3 கிலோவாட். சோதனைத் துண்டுகள் சுடும் சின்னச் சூளைக்கு அது போதும். கோப்பைகள் நிறைய வைக்கும் சூளை 6 கிலோவாட், 9 கிலோவாட் கேட்கும். அதற்குத் தனி வயரிங், சில நேரம் த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் சூளையை லிஃப்டில் ஏற்றவே வேண்டாம். தரைத்தள லிங்க் வீடு, வாடகைக்கு எடுத்த சின்னக் கடைவீடு, அல்லது தொழிற்பேட்டை லாட்தான் இந்த வேலைக்கு ஒத்துவரும்.

ஊரில் செய்வதுபோல வைக்கோலும் மட்டையும் போட்டுத் திறந்த சூளை மூட்டலாம் என்று கிள்ளானில் கொல்லைப்புறம் உள்ளவர்கள் நினைப்பதுண்டு. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைக் கடுமையாகத் தடுக்கிறது. அபராதம் சிறு தொகையல்ல. புகைமூட்டக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரே போன் போடுவார்.

மண் கழுவிய தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். இரண்டு வாளியில் தெளியவைத்துத் தெளிந்ததை மட்டும் கொட்டுங்கள். காய்ந்த மண்ணை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. சிலிக்காத் தூசு நுரையீரலில் போய்த் தங்கும், திரும்ப வராது. ஈரத் துணியால் துடையுங்கள். பூச்சுப் பொடி கலக்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள்.

காசாக்குவது

மண்ணைவிட விசா முக்கியம் என்று சொன்னால் கலைஞர்களுக்குப் பிடிக்காது. டிபென்டன்ட் பாஸ் வேலை அனுமதி அல்ல. அந்த பாஸில் இருந்துகொண்டு கட்டணம் வாங்கி வகுப்பு எடுப்பதும் சந்தையில் கடை போடுவதும் குடிநுழைவுத் துறையின் கண்ணில் வேலைதான். மலேசியக் குடிமக்களின் வாழ்க்கைத்துணைகளுக்கு விதி வேறு. அவர்கள் தங்கள் பாஸில் என்ன முத்திரை இருக்கிறது என்று துறையிடமே கேட்டுத் தெளிவுபெற வேண்டும். முகநூல் குழுவில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

தனிநபர் வணிகப் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உண்டு. அவர்கள் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். மற்றவர்கள் செண்டிரியான் பெர்ஹாட் எனும் தனியார் நிறுவனம் அமைக்க வேண்டும். அதன் பதிவுக் கட்டணமே ஆயிரம் ரிங்கிட், கணக்கர், செயலாளர் செலவு தனி. மாதம் இருபது கோப்பை விற்பவருக்கு அது கட்டாது. அப்படிப்பட்டவர் ஏற்கெனவே உரிமம் உள்ள ஸ்டூடியோவில் முறையான வேலை அனுமதியோடு சேர்வது புத்திசாலித்தனம். கடைக்கு இடம் பிடித்தால் உள்ளூராட்சி உரிமமும் வேண்டும். கிள்ளான் 2024இல் அரச மாநகராட்சி ஆனதால் அங்கே விண்ணப்பம் கிள்ளான் அரச மாநகராட்சிக்கு.

கற்றுக்கொள்ளவும் ஆட்களைத் தெரிந்துகொள்ளவும் இரண்டு அரசு வாசல்கள் உண்டு. ஜாலான் கோன்லேயில் உள்ள கிராஃப் வளாகத்தில் ஆண்டுதோறும் தேசியக் கைவினைத் திருவிழா நடக்கும். நாடு முழுவதுமுள்ள மண்பாண்டக்காரர்களை ஒரே இடத்தில் பார்க்க அதுதான் வாய்ப்பு. ரவாங்கில் உள்ள தேசியக் கைவினைக் கழகத்தில் செராமிக் பாடம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலுள்ள கேஎல் சென்ட்ரலில் ஏறினால், தஞ்சோங் மாலிம் – கிள்ளான் துறைமுகம் கொமுட்டர் தடத்தில் ஒரு பக்கம் ரவாங், மறுபக்கம் கிள்ளான். காரில்லாதவர் வீடு பார்க்கும்போது இந்தத் தடத்தை ஒட்டிப் பார்க்கலாம். ஆனால் மண் வாங்கப் போகும் நாளில் மட்டும் கிராப் கார்தான்.

சாப்பாட்டுப் பாத்திரம் விற்பவர்கள் பூச்சில் ஈயமும் காட்மியமும் கசிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். நான்கு சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, கரைந்து வந்ததை அளப்பது ஐஎஸ்ஓ 6486 முறை; பாத்திரத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அந்த முறையில் அறிக்கை கேளுங்கள். கஃபேக்காரர் ஐம்பது தட்டு கேட்கும்போது அந்தத் தாளை நீட்டினால் விலை பேச்சில் உங்கள் குரல் உயரும். கிள்ளானின் பா குட் தே (பன்றியிறைச்சிச் சூப்) கடைகளுக்கும் மண்சட்டி வேண்டும். 2024இல் அந்த சூப் தேசிய பாரம்பரிய உணவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அடுப்பில் நேராக ஏறும் சட்டிக்கு வேறு வகை மண் வேண்டும். சாதா ஸ்டோன்வேரில் செய்து கொடுத்தால் முதல் கொதியிலேயே பிளக்கும். அந்த ஆர்டரை முதல் வருடம் எடுக்காதீர்கள்.

விலை போடும்போது மண்ணின் விலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஒரு கோப்பையில் மண் சில ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். சூளைக் கட்டணம் இரண்டு முறை, உங்கள் நேரம், உடைந்துபோனவை ஆகியவைதான் செலவு. பத்தில் இரண்டு உடையும் என்று வைத்து, மீதி எட்டின் தலையில் முழுச் செலவையும் போடுங்கள். அந்த விலைக்கு விற்காது என்று தோன்றினால், கோப்பையை விட்டுவிட்டு வகுப்பு நடத்துவதில்தான் இந்த நகரத்தில் வருமானம் என்று ஸ்டூடியோக்காரர்களே சொல்வார்கள்.

சரக்கு வாங்கும் நாள்காட்டி ஒன்றை அடுப்பங்கரையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டுக்கு சப்ளை கடைகள் வாரக்கணக்கில் மூடும். அதை ஒட்டியோ அடுத்தோ நோன்புப் பெருநாள் வந்தால் இன்னொரு இடைவெளி. பொங்கல் முடிந்த கையோடு மண், பூச்சு, சூளைத் தட்டுக்குப் பூசும் கில்ன் வாஷ் எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்கு எடுத்துவையுங்கள். மூட்டையைக் கட்டி நிழலில் வைத்தால் களிமண் கெடாது. மேலே பூசணம் பூத்தாலும் வீணாகிவிட்டது என்று தூக்கிப்போடாமல் பிசைந்து பயன்படுத்துங்கள். நாள்பட்ட மண்தான் சக்கரத்தில் நன்றாக எழும்.